அம்மாவுக்கு ஊற்றாத பால்

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சில கட்டில்களின் தலைமாட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். விழுங்கும் சக்தி போனவர்களுக்கு அது. இரக்கப்பட்டு ஒரு மிடறு தேநீர் கொடுத்தால்கூட அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், பரீட்சையும் வைத்தார்கள். நான் நூற்றுக்கு நூறு வாங்கினேன். சான்றிதழைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரிந்திருக்காது. ஆனாலும் இலங்கையில், றக்வானைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருடமாக எழுதக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை அம்மாவின் முதல் திவசம் முடிந்தது. இனி அடக்கிவைக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் கரையோரத்தில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். வந்து நான்கு வருடம். கணவர் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்கிறார். ஒரே மகள் அபி. பதினொரு வயதில் கூட்டிவந்தோம், இப்போது பதினைந்து. இங்கே இலங்கைக்காரர் நடத்தும் ஒரே தமிழ்க் கடையில் நான் வாயைத் திறந்தால் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். "இல்லங்க, சிலோன்தான். றக்வான" என்றால், அது எந்தப் பக்கம் என்று யோசிப்பார்கள். சொந்த நாட்டுக்காரர்களுக்கே வரைபடம் விரித்துக் காட்டவேண்டிய ஊர்க்காரி நான்.

2

அம்மா முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததை நான் பார்த்ததில்லை. போன வருடம் ஒரு காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது குடத்தோடு சரிந்துவிட்டார். என் தம்பி செல்வம் அவருடைய தலையைத் தன் மனைவியின் மடியில் வைத்து, தன் ஓட்டோவிலேயே அந்த வளைவு வளைவான பாதையில் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

எங்கள் விசா நீடிப்பு விண்ணப்பம் அப்போது குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அது கிடக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டதாக அர்த்தம். தொலைபேசியில் கேட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்து, மிக மரியாதையாக, அதையே வேறு வார்த்தைகளில் சொன்னாள். அம்மா சாகக் கிடக்கிறார் என்று சொன்னால் ஏதாவது வழி இருக்குமா என்று கேட்டிருக்கலாம். நான் "அம்மாவுக்குச் சுகமில்லை" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

"அக்கா, ஒரு தடவ வந்துட்டுப் போவ ஏலாதா?" என்று செல்வம் கேட்டான்.

"வந்தா திரும்பி இங்க வர ஏலாதுடா. அபியோட படிப்பு இருக்கு."

"சரிக்கா. சரிக்கா." இரண்டாவது முறை சொன்ன 'சரிக்கா'வை இன்னும் மறக்கவில்லை.

மூக்கில் போட்ட சாப்பாட்டுக் குழாயை அம்மா இடது கையால் இரண்டு தடவை பிடுங்கி எறிந்துவிட்டார். பதினாறாம் நாள் டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "கெதர எக்கங் யன்ன" என்றாராம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பிக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. டாக்டர் சொன்னதும் புரிந்தது, சொல்லாமல் விட்டதும் புரிந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாங்கக்கா" என்றான் என்னிடம்.

"அப்ப தேறிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

பதில் எனக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி எங்கள் இல்லத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பேருக்குக் கட்டில் விரித்தவள் நான். எந்தப் போர்வை, எந்தப் பக்கம் ஜன்னல் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள். அடுத்தவரின் அம்மா என்றால் ஒரு பார்வையில் விளங்கும் விஷயம், என் அம்மா என்றதும் விளங்க மறுத்தது.

3

எங்கள் லயத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். லயத்து அறைக்குக் காம்பரா என்று பேர். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். பக்கத்தில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் வெறுஞ்சோறு இறங்கும். ஒரு காம்பராவில் புருஷன் பெண்டாட்டி சண்டை தொடங்கினால் சமாதானம் மூன்றாவது காம்பராவிலிருந்து வரும். அம்மாவை எங்கள் வீட்டு முன்காம்பராவில்தான் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை. ஆனால் அம்மாவை 'மதினி' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ஒரே நாளில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து, ஒரே மலையில் கொழுந்தெடுத்து, ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள். அத்தை ஒரு பசு வளர்க்கிறார்.

எங்கள் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்குப் பால் ஊற்றுவார்கள். பெற்ற பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் பேரைச் சொல்லி, ஒரு சின்னக் கரண்டியால் வாயில் விடுவார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்காக வேறு யாராவது அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி ஊற்றுவார்கள். யாருடைய பாலுக்காக உயிர் காத்திருக்கிறதோ அந்தப் பால் இறங்கியதும் அது நிம்மதியாகப் போய்விடும் என்பது நம்பிக்கை. எங்கள் அப்பாவுக்கு நானே ஊற்றியிருக்கிறேன். அப்போது நுரையீரல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவர்களுக்கு மாலை. ஊழியர்கள் கோட்டு மாட்டும் சிறிய அறையில் நின்று தம்பியைக் கூப்பிட்டேன். "ஸ்பீக்கர்ல போட்டு அம்மா காதுகிட்ட வைடா" என்றேன். வைத்தான். "அம்மா, நான் தவமணி பேசுறேன்" என்றேன். மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, அத்த பால் கொண்டாந்திருக்காங்க. எல்லாரும் வாசல்ல வந்து நிக்கிறாங்க. மொதல்ல ஒன் பேரச் சொல்லி ஊத்தலாமுன்னு சொல்றாங்க. அம்மா ஒனக்காகத்தான் உசுரப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குதாம்."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"யாருடா பாலப் பத்திப் பேசினது? எங்கம்மா சாகவா கெடக்குறாங்க?"

"இல்லக்கா, சும்மா ஒரு சொட்டு..."

"ஒரு சொட்டும் கூடாது! நுரையீரலுக்குள்ள போயிரும். நான் இதுக்குத்தான் படிச்சிருக்கேன், ஒங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஊத்துனீங்கன்னா நீங்கதான் கொன்ன மாதிரி. எல்லாருமாச் சேந்து எங்கம்மாவக் கொல்லப் பாக்குறீங்களா?"

கத்தினேன். கோட்டு அறைக் கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தமிழ் தெரியாதவளுக்கே பயம் வரும்படி கத்தினேன்.

"சரிக்கா" என்றான் தம்பி. "ஊத்தல்ல."

"ஈரத்துணியால ஒதட்டத் தொடச்சு விடுங்க. அது போதும்."

4

நான்கு நாள். தினமும் காலையில் அத்தை தம்ளரில் பால் கொண்டுவந்து அம்மாவின் தலைமாட்டில் வைப்பாராம். மாலையில் எடுத்துக்கொண்டு போவாராம். தம்பி ஒருநாளும் மறுபடி கேட்கவில்லை. "அத்த வந்திருக்காங்க" என்பான். "சரி" என்பேன். பிறகு, "ஒண்ணுமில்லக்கா" என்பான். அந்த 'ஒண்ணுமில்ல' என்ன என்று எனக்குத் தெரியும். மறுபடி ஃபோனை அம்மா காதுகிட்ட வைக்கச் சொல்லாமல், தெரியாதவள் போல அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். புரட்டிப் படுக்கவைத்தாயா, முதுகு சிவந்திருக்கிறதா, பெரியவர்களுக்குக் கட்டும் பேட் வாங்கினாயா.

நான்காம் நாள் காலையில் அந்த பேட் வாங்கத்தான் அவன் றக்வானை டவுனுக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டார். அத்தை மட்டும் பக்கத்தில் இருந்திருக்கிறார். "வாய் தொறந்தபடியே இருந்துச்சுக்கா" என்றான் தம்பி.

சாவு வீட்டை ஃபோனில் பார்த்தேன். தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் அன்று யாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. கீழே சிங்களக் கிராமத்து மரண உதவிச் சங்கத்தார் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். அம்மாவிடம் கறிவேப்பிலை வாங்க வரும் சோமாவதி ஃபோனுக்குள் முகத்தைக் கொண்டுவந்து, "துவே, அண்டன்ன எப்பா" என்றாள். மகளே, அழாதே என்று. பிறகு எல்லாரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். திறந்திருந்த அந்த வாய்க்குள் அரிசி விழுவதைப் பார்த்தேன். உயிரோடு இருந்த வாயில் ஒரு சொட்டுப் பால் கூடாது, இறந்த வாயில் எவ்வளவு அரிசியும் போடலாம். அப்படி ஒரு சட்டத்தை நானே போட்டிருந்தேன்.

மறுநாள் மனேஜரிடம் போய் ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரி அம்மா 'எக்ஸ்பயர்' ஆகிவிட்டார் என்றேன். அவர் பதறிப்போய் என் விசா கோப்பைத் தேட ஆரம்பித்தார். காலாவதியானது தாள் இல்லை, தாய் என்று விளங்கவைப்பதற்குள் நான் அழுதுவிட்டேன். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தம்பி அனுப்பியது சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவதற்கு முன்னால் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'முதுமை' என்று இருந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் இருந்த எல்லாத் திரைச்சீலைகளையும் கழற்றித் துவைத்தேன். அழுக்கே இல்லாததையும் துவைத்தேன்.

5

அபி அவளுடைய அம்மாயிக்காக, என் அம்மாவுக்காக, அழவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. கடைசி மூன்று வருடமும் அம்மாயி அவளுக்கு ஃபோனில் தெரியும் ஒரு நெற்றிதான். அம்மாவுக்கு ஃபோனை நேராகப் பிடிக்கவே வராது. நெற்றியும் கூரையும்தான் தெரியும். அந்த நெற்றி, "சாப்டியா?" என்று கேட்கும். இவள் "யெஸ்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு விவாதம் கொடுத்திருந்தார்கள். தீராத நோயில் கிடப்பவர் தன் சாவைத் தானே தேர்ந்துகொள்ளலாமா, டாக்டர் அதற்கு உதவலாமா என்று. தாளின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஆதரவு, மறு பக்கம் எதிர்ப்பு என்று எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

"அம்மா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"நான் எந்தப் பக்கமும் இல்ல."

"அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் எடுக்கணும். டீச்சர் சொன்னாங்க." பிறகு தன் தமிழில், "அம்மாயி செத்தது இல்லையா, அப்போ யாரு முடிவு எடுத்தது?" என்றாள்.

குழந்தை பாவம், உதாரணத்துக்காகக் கேட்டாள். நான் அடுப்பில் எதுவோ கருகுகிற மாதிரி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மாவைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. அவருக்குப் பால் வேண்டுமா என்று ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. ஐயாயிரம் மைல் தள்ளி இருந்து நான் தீர்ப்புச் சொன்னேன், அவ்வளவுதான். அபியின் கோட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவது?

6

திவசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது எங்கள் இல்லத்தில் டொரீன் என்ற கிழவி சாகக் கிடந்தாள். எண்பத்தொன்பது வயது. பழைய தையற்காரி. நல்லாயிருந்த காலத்தில் என்னோடு தினமும் சண்டை. தேநீரில் பால் குறைவு, கோப்பை தடிமன், நான் நடக்கிற சத்தம் யானை மாதிரி. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் கட்டில் தலைமாட்டிலும் சிவப்பு அட்டை தொங்கியது.

அன்று பெரிய நர்ஸ் கிரேஸ் வந்தார். கானா நாட்டுக்காரி, உடம்பும் குரலும் பெரிது. டொரீனின் நாடியைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எட்டி அந்தச் சிவப்பு அட்டையைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

"பால் நிறைய விட்ட தேநீர்."

"போய்ப் போட்டுக்கொண்டு வா."

நான் நின்றேன். "விழுங்க முடியாதே. நுரையீரலுக்குள் போய்விடுமே" என்றேன். நூற்றுக்கு நூறு வாங்கியவள் அல்லவா.

கிரேஸ் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "அந்த அட்டை பிழைக்கப்போகிறவர்களுக்கு, தவா. போகிறவர்களுக்கு இல்லை. குடிக்கக் கொடுக்கச் சொல்லவில்லை. வாய் துடைக்கிற பிரஷ்ஷை நனைத்து நாக்கில் தடவு. ருசி தெரியட்டும். பேசிக்கொண்டே செய். காதுதான் கடைசியில் போகும் என்பார்கள். அவளுக்குக் கேட்கும்" என்றார்.

தேநீர் போட்டேன். சின்ன மிருதுவான பிரஷ்ஷை அதில் நனைத்து, உதறி, டொரீனின் நாக்கில் தடவினேன். வறண்ட நாக்கு மெதுவாக அசைந்தது. உதடு ஒட்டி, சப்புக்கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தடவை நனைத்தேன். மறுபடியும் சப்புக்கொட்டினாள். கிரேஸ் சிரித்தார். "பார், இன்னும் பால் குறைவு என்கிறாள்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு மருந்து அலமாரி இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் படித்தது பாதிச் சட்டம். அதைக்கொண்டு என் அம்மாவின் வாயை அடைத்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை, தெரியாத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மை தெரிந்தது. நான் நுரையீரலுக்காகக் கத்தவில்லை. பால் ஊற்றினால் அம்மா சாகிறார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். சாகிறார் என்றால் நான் விசாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். போகாமல் இருப்பதற்கு அம்மா சாகாமல் இருக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் பாலை நிறுத்தினேன்.

காதுதான் கடைசியில் போகும் என்று கிரேஸ் சொன்னதை அப்போது இன்னொரு முறை நினைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு அம்மா காதுகிட்ட வை என்று சொன்னது நான்தான்.

7

அடுத்த நாள் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டொரீன், அட்டை, தேநீர், எல்லாம். "ஒரு சொட்டு நாக்குல தடவியிருக்கலாம்டா. ஒண்ணும் ஆகியிருக்காது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் ஓட்டோவை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"விடுக்கா. முடிஞ்சு போச்சு."

"எப்புடிடா விடுறது?"

"நீ ஒண்ணும் யோசிக்காத. இங்க யாரும் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஃபோன்ல நீ சொன்னது வாசல்ல நின்னவங்களுக்கு வெளங்கியிருக்காது. பாலு வேணாமுன்னு நெறுத்துனது நான்தான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"என்னது?"

"டாக்டர் என்கிட்ட அப்புடிச் சொன்னாருன்னு, நான்தான் பயந்துபோய் நெறுத்தினேன்னு. நீ என்னைக்காவது ஊருக்கு வருவல்ல? வந்து லயத்துல கால் வைக்கிறப்ப ஒருத்தரும் ஒன் மொகத்துக்கு நேரா 'பெத்தவளுக்குப் பால் குடுக்காதவ'ன்னு சொல்லிறக் கூடாதுல்ல. அதான்."

"ஒன்னைய என்னடா சொன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல்ல" என்றான். "ஒரு வருஷமா ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல்லக்கா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அத்தகூட அதப் பத்திப் பேச மாட்டாங்க. என்னையப் பாத்தா பேச்ச மாத்திருவாங்க. அது ஒண்ணுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவனுக்கு நான் நடை பழக்கினேன். அம்மா மலைக்குப் போனால் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவன் ஒரு வருடமாக என் பாவத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதே லயத்தில், அதே முகங்களுக்கு நடுவில், ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நானோ இங்கே திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தேன்.

"திவசத்தன்னைக்கு எல்லாரும் வருவாங்கல்ல?" என்று கேட்டேன்.

"வருவாங்க. ஏன்?"

"ஃபோன ஸ்பீக்கர்ல போடு. நான் பேசணும்."

"வேணாங்க்கா."

"போடுடா."

"சரிக்கா" என்றான். ஒரு முறைதான் சொன்னான்.

8

சனிக்கிழமை. அங்கே காலை பதினொரு மணி, இங்கே ஆறரை. சமையலறை மேசையில் ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். நான் கூப்பிடவில்லை, ஆனால் அபி தானாக எழுந்து போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முன்காம்பராவில் அம்மாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. யாரோ திட்டியது போல விழித்துக்கொண்டிருப்பார். படத்துக்கு முன்னால் இலை, சோறு, அம்மாவுக்குப் பிடித்த மரவள்ளிக்கிழங்கு, ஒரு வெண்கலக் கிண்ணம். கிண்ணம் காலியாக இருந்தது. பாக்கியம் அத்தை கையில் தம்ளரோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் லயத்துச் சனம் வெளித் திண்ணையான இஸ்தோப்பு வரை நின்றது. சோமாவதியும் வெள்ளைச் சேலையில் நின்றாள்.

"அக்கா பேசணுமாம்" என்று தம்பி சொல்லிவிட்டு ஃபோனைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தான். "நீயும் இருடா" என்றேன். நின்றான்.

ஆறு வாரமாக மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அம்மாவுக்குப் பால் ஊத்த வேணாமுன்னு சொன்னது செல்வம் இல்ல. நான். டாக்டர் ஒண்ணும் சொல்லல்ல. நான்தான் சொன்னேன். அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கான். அவன யாரும் கோவிச்சுக்காதீங்க" என்றேன். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை. எல்லாரும் அசையாமல் நின்றார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாக்கியம் அத்தை தம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும் தாயி" என்றார்.

"அத்த?"

"அன்னைக்கே தெரியும். நீ ஃபோன்ல போட்ட சத்தம் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டுச்சு. நம்ம லயத்துச் செவுரு எந்த ரகசியத்த வச்சிருக்கு?" தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பய வந்து, நான்தான் நெறுத்தினேன், நான்தான் நெறுத்தினேன்னு வீடு வீடாச் சொல்லிக்கிட்டு வந்தான். அக்காளுக்காகச் சொல்றான். அத நாம என்னத்துக்கு இல்லேன்னு சொல்லணும்? சரிப்பான்னு கேட்டுக்கிட்டோம். பேசுனா எங்கயாவது வாய் தவறி வந்துருமேன்னுதான் ஒருத்தரும் அந்தப் பேச்சையே எடுக்கல்ல."

தம்பி அப்படியே சுவரில் சாய்ந்து குந்திவிட்டான். ஒரு வருடமாக அவன் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்த மௌனம் அது. முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு அழுதான். அவனுடைய மனைவி போய் அவன் முதுகில் கைவைத்தாள்.

நான் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "அத்த, அம்மாவுக்கும் கேட்டுச்சா?"

அத்தை படத்தைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பார். அவருக்குப் பொய் வராது.

"கேட்டுச்சு தாயி. ஒன் சத்தம் வந்தப்ப கண்ணத் தொறந்தா. கண்ணோரத்துல தண்ணி வந்துச்சு. மக குரலக் கேட்டுட்டா, அது போதும் மதினிக்குன்னு நாங்க நெனச்சோம். அப்புறம் கண்ணத் தொறக்கவே இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் என் குரல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்திக்கொண்டிருந்தது. என் அம்மா இந்த உலகத்தில் என்னிடமிருந்து கடைசியாகக் கேட்டது அதுதான். பாலுக்குப் பதிலாக அது.

அபி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. பிடித்த கையை விடவில்லை.

அத்தை தம்ளரை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சின்னக் கரண்டியால் பாலை எடுத்துக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தார். ஊற்றவில்லை. ஃபோனைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒன் பேரச் சொல்லி நான் ஊத்தியிருப்பேன். நீ வேணாமுன்ன பொறவு ஒன் பேர எப்புடிச் சொல்றது? இப்ப நீயே சொல்லு தாயி. நான் ஊத்துறேன்."

எனக்குச் சொற்கள் தெரியும். அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"தவமணி ஊத்துறேம்மா. குடிச்சிக்கங்க" என்றேன். இந்த முறை சத்தம் போடாமல் சொன்னேன்.